ரிப்பன் குத்திக்கொண்டால் ஏதாவது மாறுமா?

ராமநாதபுரத்தில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்த கேள்வி இது. அக்டோபரில் மார்பகப் புற்றுநோய்க்குப் பிங்க் ரிப்பன், டிசம்பர் 1 அன்று எய்ட்ஸுக்குச் சிவப்பு ரிப்பன், 7ஆம் தேதி கொடி நாள் கொடி, நடுவில் யாராவது வந்து கையில் மாட்டும் ரப்பர் பட்டை விற்கிறார்கள். இந்த முறை ரிப்பனுக்கு 30 ரூபாய் கேட்டபோது "இந்தக் காசு யாருக்குப் போகுது?" என்று கேட்டிருக்கிறார், யாருக்கும் பதில் தெரியவில்லை, அவரும் வாங்கவில்லை. கூடப் படிப்பவர்கள் மனசாட்சி இல்லாதவன் என்கிறார்களாம். நான் செய்தது தப்பா, இதையெல்லாம் அணிவதால் உண்மையிலேயே ஏதாவது மாறுகிறதா என்று கேட்கிறார்.

தப்பில்லை தம்பி. காசு எங்கே போகிறது என்பது மனசாட்சி இருக்கிறவன் கேட்கிற கேள்விதான். ஆனால் "இதனால் ஒன்றும் ஆகாது" என்று மொத்தமாக ஒதுக்கிவிடாதீர்கள். நான் சுகாதாரத் துறையில் வேலை பார்த்தவன், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி என்று இந்தக் கடற்கரை ஊர்களிலேயே என் வேலைக்காலம் பெரும்பாலும் கழிந்தது, எய்ட்ஸ் தினம், காசநோய் தினம், புற்றுநோய் தினம் என்று எல்லாவற்றுக்கும் நானும் குத்தியிருக்கிறேன், மற்றவர்களுக்கும் குத்திவிட்டிருக்கிறேன். நான் பார்த்த வரையில், ரிப்பன் வாங்கிய காசு போய்ச் சேர ஒரு இடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் அதைப் பார்த்துக் கிட்டே வந்து கேட்கிறவருக்குச் சொல்ல குத்தியிருப்பவரிடம் ஒரு வழி இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தால் மாற்றம் நடக்கிறது, சில சமயம் நாம் நினைப்பதைவிடப் பெரிதாகவே நடக்கிறது. இரண்டும் இல்லையென்றால் சட்டையில் ஒரு துணித்துண்டு, அவ்வளவுதான்.

காசு சேர்க்கிற வகையை முதலில் சொல்லிவிடுகிறேன், அது எளிது. நமக்குத் தெரிந்த கொடி நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1949-லிருந்து ஒவ்வொரு டிசம்பர் 7-ம் முப்படைக் கொடி நாள். சிவப்பு, கருநீலம், இளநீலம் என்று மூன்று படைகளின் நிறமும் சேர்ந்த சின்னக் கொடி, மாவட்ட ஆட்சியர் உண்டியலில் முதல் காசைப் போட்டுத் தொடங்கிவைப்பார், பள்ளிக்கூடம், அலுவலகம் எல்லாம் வசூல் நடக்கும். அந்தப் பணம் போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கும் முன்னாள் படைவீரர்களின் நலனுக்கும் போகிறது, மாவட்டத்தில் அதற்கென்றே முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, போய்க் கேட்டால் ஆள் இருக்கும். இங்கே கொடி என்பது கொடுத்ததற்கான ரசீது. நீங்கள் அதைச் சட்டையில் குத்தினாலும் ஒன்றுதான், புத்தகத்துக்குள் வைத்தாலும் ஒன்றுதான், காசு போய்விட்டது.

பிரிட்டனில் 1921-ல் முதல் முறையாகச் சிவப்புப் பாப்பிப் பூ விற்றதும் இப்படித்தான். முதல் உலகப் போரில் அடிபட்டுத் திரும்பியவர்களுக்காக விற்றார்கள், அந்த முதல் வருடமே 1,06,000 பவுண்டு சேர்ந்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்த வருடம் நடந்தது. கைகால் இழந்த படைவீரர்கள் வேலை செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்கி, பூ செய்கிற வேலையையே அவர்களிடம் கொடுத்துவிட்டார்கள். விற்ற காசும் அவர்களுக்கு, செய்த கூலியும் அவர்களுக்கு. காசநோய் வில்லையும் அதே வழிதான், நம் ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகளிடம் விற்பார்களே, அந்த ஸ்டாம்ப். அதன் தொடக்கம் டென்மார்க்கில் 1904-ல் ஐனர் ஹோல்பெல் என்ற தபால் ஊழியர் தொடங்கிய கிறிஸ்துமஸ் வில்லை. கடிதத்தில் கூடுதலாக ஒன்று ஒட்டினால் ஒரு சின்னக் காசு, அப்படிச் சேர்ந்த பணத்தில் காசநோய் மருத்துவமனையே கட்டினார்கள். இந்த மாதிரி விஷயங்களில் "அணிவதால் பயன் உண்டா" என்று கேட்கவே தேவையில்லை, பயன் கட்டடமாகவே நிற்கிறது.

சிக்கல் ஆரம்பிக்கிறது எங்கே என்றால், அடையாளம் மட்டும் பரவி, அதோடு வந்த கோரிக்கை வழியில் கழன்று விழும்போது. பிங்க் ரிப்பனின் கதை அதுதான், அது உங்கள் 30 ரூபாய்க்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் சார்லட் ஹேலி என்று ஒரு பெண்மணி, வயது அறுபதைத் தாண்டியவர், அவர் வீட்டில் பலருக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தது. 1990-களின் தொடக்கத்தில் தன் வீட்டு மேஜையில் உட்கார்ந்து பீச் பழ நிறத்தில் ரிப்பன் செய்து அட்டையில் குத்தி அக்கம்பக்கத்தாருக்கும் கடைகளுக்கும் கொடுத்தார். காசு கேட்கவில்லை. அந்த அட்டையில் இருந்தது ஒரு கணக்கு: தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆண்டு நிதி 180 கோடி டாலர், அதில் 5 சதவீதம்தான் நோயைத் தடுக்கும் வேலைக்குப் போகிறது, நம் மக்கள் பிரதிநிதிகளை எழுப்ப இதை அணியுங்கள். பாருங்கள், எவ்வளவு தெளிவாக இருக்கிறது. யாரிடம் கேட்கிறோம், என்ன கேட்கிறோம், ஏன் கேட்கிறோம், மூன்றும் ஒரு தபால் அட்டை அளவில். 1992-ல் ஒரு பெண்கள் பத்திரிகையும் ஒரு பெரிய அழகுசாதன நிறுவனமும் சேர்ந்து உங்கள் ரிப்பனை எங்களுக்குக் கொடுங்கள், நாடு முழுக்கக் கொண்டுபோகிறோம் என்று கேட்டபோது அவர் மறுத்தார், இது வியாபாரமாகிவிடும் என்று. அவர்கள் வக்கீலிடம் கேட்டுவிட்டு நிறத்தை மாற்றினார்கள். பீச் பிங்க் ஆனது. ரிப்பன் உலகம் முழுக்கப் போனது, ஹேலியின் அட்டை போகவில்லை.

அதற்காகப் பிங்க் ரிப்பனால் ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆராய்ச்சிக்குப் பெரிய தொகைகள் சேர்ந்தன, மார்பகம் என்ற சொல்லையே கூட்டத்தில் சொல்லக் கூச்சப்பட்ட காலம் போனது, இரண்டும் உண்மை. ஆனால் இந்தப் பிங்க் ரிப்பனுக்கு ஒரே உரிமையாளர் என்று யாரும் கிடையாது. யார் வேண்டுமானாலும் எந்தப் பொருளின் மேலும் அச்சடிக்கலாம், அப்படி அச்சடித்தவர் ஒரு பைசாவாவது எங்காவது கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால்தான் அமெரிக்காவில் பிரஸ்ட் கேன்சர் ஆக்ஷன் என்ற அமைப்பு 2002-ல் ஒரு இயக்கமே தொடங்கியது. பிங்க் நிறப் பொருளை வாங்குமுன் கேளுங்கள், எவ்வளவு கொடுக்கிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள், அந்தப் பொருளே புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியதா என்று. நீங்கள் கல்லூரியில் கேட்டதும் அதே கேள்விதான்.

நம் பக்கத்தில் இதைக் கேட்க என்ன கூச்சம்? காதுகுத்து, கல்யாணம், வீடு குடிபுகுதல் என்று எதற்குப் போனாலும் பந்தலில் ஒருவர் மொய் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஊர், பெயர், தொகை என்று சத்தமாகப் படித்து எழுதுகிற ஊர் இது, யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. ரிப்பன் விற்கிறவரும் அதுபோல நோட்டைத் திறக்கட்டும். இத்தனை ரிப்பன் விற்றோம், ரிப்பனுக்கும் போஸ்டருக்கும் இவ்வளவு செலவு, மிச்சம் இன்னாருக்கு இந்தத் தேதியில் கொடுத்தோம். ஒரு பள்ளியில் ரப்பர் பட்டை விற்றவர்களிடம் இதை நான் கேட்டபோது "விழிப்புணர்வுக்குத்தான் சார்" என்ற பதில்தான் வந்தது, ரசீது வரவில்லை. ரப்பர் பட்டையிலும் கணக்கோடு செய்தவர்கள் உண்டு. சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் மஞ்சள் பட்டை 2004-ல் ஒரு டாலருக்கு வந்தது, 8 கோடிக்கு மேல் விற்றது. பின்னால் அவர் ஊக்கமருந்து வழக்கில் பட்டங்களை எல்லாம் இழந்தார், ஆனால் அதற்குள் அந்தப் பணம் புற்றுநோயாளிகளுக்கான உதவிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அப்புறம், உங்கள் நண்பர்களிடம் சொல்ல வேண்டிய ஒரு ஆய்வு இருக்கிறது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இன்னொருவரும் சேர்ந்து 2014-ல் வெளியிட்டது. பாப்பிப் பூவை வைத்தே செய்தார்கள். சிலருக்குப் பூவைக் கொடுத்து எல்லோரும் பார்க்க அணியச் சொன்னார்கள், சிலருக்கு அதே பூவை உறைக்குள் போட்டுக் கொடுத்தார்கள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவர்களிடம் முன்னாள் படைவீரர்களுக்காக நன்கொடை கேட்டார்கள். உறையில் வாங்கியவர்கள் அதிகம் கொடுத்தார்கள், சட்டையில் குத்தியவர்கள் குறைவாகத்தான் கொடுத்தார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். நாலு பேர் பார்க்க அணிந்துவிட்டால் "நான் நல்லவன்" என்று மற்றவர்களுக்குக் காட்டும் தேவை அங்கேயே தீர்ந்துவிடுகிறது, பிறகு பர்ஸைத் திறக்கும் அவசரம் இல்லை. யாருக்கும் தெரியாமல் வாங்கியவருக்கு அந்த விஷயம் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் கண்டார்கள், இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை: இந்தக் காரியம் எனக்கு ஏன் முக்கியம், என் மதிப்பீடுகளோடு இது எங்கே சேர்கிறது என்று அணிபவரை முதலில் யோசிக்கவைத்தால் அந்தச் சரிவு வருவதில்லை. அதனால் வாசலில் நின்று எல்லோருக்கும் வரிசையாகக் குத்திவிட்டு போட்டோ எடுப்பதுதான் இருக்கிற வழிகளிலேயே மோசமான வழி. இதை நான் உறுதியாகவே சொல்வேன்.

சரி, காசே கேட்காத ரிப்பனுக்கு வருவோம். சிவப்பு ரிப்பன் அந்த வகை. 1991-ல் நியூயார்க்கில் கலைஞர்கள் சிலர் சேர்ந்து உருவாக்கியது, எய்ட்ஸில் நண்பர்களை ஒவ்வொருவராக இழந்துகொண்டிருந்தவர்கள். யாரும் சொந்தம் கொண்டாடக்கூடாது, யாரும் லாபம் பார்க்கக்கூடாது என்று வேண்டுமென்றே உரிமை எதுவும் வாங்காமல் விட்டார்கள். அந்த வருடம் ஜூனில் டோனி விருது விழாவில் நடிகர் ஜெரமி அயர்ன்ஸ் அதைக் கோட்டில் குத்திக்கொண்டு மேடையில் நின்றார், தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் இது என்ன என்று கேட்கத் தொடங்கினார்கள். யாரும் பேசாத நோயைப் பற்றி ஒருவர் கேள்வி கேட்கும்படி செய்வதுதான் அந்த ரிப்பனின் வேலை.

துணி அணிந்ததால் நிஜமாகவே வரலாறு நகர்ந்த இடம் ஒன்று சொல்லச் சொன்னால் நான் தென்னாப்பிரிக்காவைத்தான் சொல்வேன். 1998 டிசம்பரில் குகு டிலாமினி என்ற பெண் தனக்கு எச்ஐவி இருப்பதை வெளிப்படையாகச் சொன்னார், அதன் பிறகு அவர் வசித்த பகுதி ஆட்களே அவரை அடித்துக் கொன்றார்கள். அந்த மாதமே தொடங்கிய ட்ரீட்மென்ட் ஆக்ஷன் கேம்பெயின் என்ற அமைப்பினர் நெஞ்சில் பெரிய எழுத்தில் "எச்ஐவி பாசிட்டிவ்" என்று எழுதிய டி-ஷர்ட் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார்கள். நோய் இருப்பவரும் போட்டார், இல்லாதவரும் போட்டார். யாருக்கு இருக்கிறது என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அடிப்பதென்றால் எல்லோரையும்தான் அடிக்க வேண்டும். 2002 டிசம்பரில் மண்டேலாவே அந்த டி-ஷர்ட்டைப் போட்டார். ஆனால் அவர்கள் டி-ஷர்ட்டோடு நிற்கவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. அரசு மேல் வழக்குப் போட்டார்கள், தாயிடமிருந்து குழந்தைக்கு நோய் பரவாமல் தடுக்கும் மருந்தை அரசு மருத்துவமனைகளில் கொடுக்க வேண்டும் என்று 2002 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினார்கள், 2003 நவம்பரில் அரசு சிகிச்சைத் திட்டத்தையே அறிவிக்க வேண்டி வந்தது. போடுவதற்கே தைரியம் வேண்டிய துணி அது, பின்னால் ஒரு வழக்கும் இருந்தது.

நம் மாநிலத்துக்கும் இதில் ஒரு வரலாறு உண்டு. இந்தியாவில் எச்ஐவி முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே 1986-ல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தது. உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியாது, ஆனால் அப்பா அம்மாவைக் கேட்டுப் பாருங்கள், "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று சுவரெல்லாம் ஒரு கேள்வி ஒட்டியிருந்தார்கள். டீக்கடையில், வலை பின்னும் இடத்தில், விசைப்படகில் எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. ரிப்பன் அல்ல, சின்னமும் அல்ல, ஒரு கேள்விதான், ஆனால் செய்த வேலை ரிப்பன் செய்ய வேண்டிய வேலை. அப்படிப் பேச்சைக் கிளப்பிவிட்டபோது பரிசோதனைக்குப் போக நம்பிக்கை மையம் இருந்தது. பிறகு மருந்தும் வந்தது. வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற கூட்டு மருந்தை 2001-ல் நம் நாட்டு சிப்லா நிறுவனம் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு 350 டாலருக்குத் தருவதாகச் சொன்னது, 2004 ஏப்ரலிலிருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள், தாம்பரம் அதில் முதல் இடங்களில் ஒன்று. ரிப்பன் மருந்து கொடுக்காது. ஆனால் மருந்து இலவசமாக இருந்தும் வெட்கத்தால் வராமல் இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அந்த இடத்தில்தான் ரிப்பனுக்கு வேலை.

ஒரு டிசம்பர் 1 அன்று மண்டபத்தில் கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நின்றிருந்தேன், சட்டையில் சிவப்பு ரிப்பன். படகு வேலைக்குப் போகிற ஒருவர் வந்து "இது என்ன சார், கட்சிச் சின்னமா?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மச்சானுக்கு ஒரு சந்தேகம், எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் நம்பிக்கை மையம் எந்தப் பக்கம், எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது, பரிசோதனைக்குக் காசு கிடையாது, முடிவை வீட்டுக்கோ முதலாளிக்கோ சொல்லமாட்டார்கள் என்று சொன்னேன். பிற்பாடு வந்தது அவரேதான். மாத்திரை எடுத்துக்கொண்டு இன்றைக்கும் கடலுக்குப் போகிறார். அதே பஸ் நிறுத்தத்தில் அதே ரிப்பனைக் குத்திக்கொண்டு, அந்த மையம் எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஒருவர் நின்றிருந்தால் அந்தப் படகுக்காரர் பேச்சை அதோடு விட்டிருப்பார், மறுபடி யாரிடமும் கேட்டிருக்கவும் மாட்டார்.

இப்போது உங்கள் பிங்க் ரிப்பனை நம் கடற்கரையில் வைத்துப் பாருங்கள். அக்டோபரில் பேரணி நடக்கிறது, காலை பத்து மணிக்கு அரண்மனை வாசலில். அந்த நேரத்தில் சின்னப்பாலம் பக்கத்துப் பாசி எடுக்கும் பெண்கள் தீவுகளுக்குப் பக்கத்தில் கடலில் முங்கிக்கொண்டிருப்பார்கள். கருவாட்டுக் கொட்டகையில் இருக்கிறவர்களும் வெயில் போகுமுன் எழுந்து வரமாட்டார்கள். பேரணியைப் பார்க்கிறவர்களுக்கு ஏற்கெனவே விஷயம் தெரியும், தெரிய வேண்டியவர்கள் ஊரிலேயே இல்லை. மார்பகத்தில் வருகிற கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது, இதுதான் இதில் ஆபத்தே. வலித்தால் அன்றைக்கே போவார்கள், வலிக்காததால் இந்தச் சீசன் முடியட்டும், பெரியவளுக்குக் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே போய், தோல் சுருங்கிப் புண்ணான பிறகு வந்தவர்களைப் பார்த்து மனசு உடைந்திருக்கிறேன். அவர்களுக்கு ரிப்பனின் நிறம் தேவையில்லை. "வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும்" என்ற ஒரு வரியும், அவர்கள் கரையேறும் நேரத்தில் காட்ட ஒரு இடமும் தேவை.

இதற்கு ஆதாரமும் இருக்கிறது, அதுவும் நம் நாட்டிலேயே. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கி 1,50,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து 20 வருடம் நடத்திய ஆய்வு 2021-ல் வெளிவந்தது. மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே இல்லை, பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கையால் தொட்டுப் பரிசோதித்தார்கள், அவ்வளவுதான். 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் மார்பகப் புற்றுநோயால் ஏற்பட்ட இறப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. 50-க்குக் கீழே அப்படிக் குறையவில்லை, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இந்தப் பரிசோதனையும் கருப்பைவாய்ப் பரிசோதனையும் இலவசம். அதே போலச் சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆனால் கதிர்வீச்சுக்கு மதுரைக்குப் போக வேண்டும், வாரக்கணக்கில் தினமும். ராமேஸ்வரத்திலிருந்து 170 கிலோமீட்டர். புற்றுநோயாளிக்கும் கூடப் போகிறவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு, அது பலருக்குத் தெரியாது. அங்கே தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கூடப் போகிறவர் இழக்கும் கூலிக்கும் எந்தத் திட்டத்திலும் காசு கிடையாது. பாதியில் சிகிச்சையை விட்டவர்களைக் கேட்டால் முக்கால்வாசிப் பேர் சொல்வது இதைத்தான்.

உங்கள் கல்லூரியில் ஆயிரம் பேர் ஆளுக்கு 30 ரூபாய் கொடுத்தால் 30,000 ரூபாய். ஒரு பெண் மதுரையில் தங்கிச் சிகிச்சையை முடித்துக்கொண்டு வர அது போதும்.

ஏர்வாடியைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனமில்லை. மனநலத்துக்குப் பச்சை ரிப்பன், அக்டோபர் 10 உலக மனநல தினம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்தது, அந்த மாதிரிக் காப்பகங்களை அரசு மூடியது, அங்கிருந்த ஐநூறுக்கும் மேற்பட்டவர்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 2017-ல் வந்த மனநலச் சட்டத்தின் 95ஆவது பிரிவு மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்கிறது. சங்கிலியை அவிழ்த்தது நீதிமன்றமும் சட்டமும்தான். ஆனால் அந்த 28 பேரையும் அங்கே கொண்டுவந்து விட்டது அவர்கள் வீட்டார், வேறு எங்கே போவது என்று தெரியாததால், வெளியே சொல்ல முடியாததால். நோய் தொடங்கிய முதல் மாதமே ஒருவரிடமாவது வாய்விட்டுக் கேட்க முடிந்திருந்தால் என்று நான் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். பச்சை ரிப்பன் குத்துகிறீர்களா, 14416 என்ற டெலிமானஸ் எண்ணை, அது அரசின் மனநல உதவி எண், மனப்பாடம் செய்துவிட்டுக் குத்துங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

நோய் அல்லாத விஷயங்களுக்கும் இது பொருந்தும். ராமேஸ்வரத்தில் மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துப்போனால் படகில் கருப்புக்கொடி கட்டுகிறார்கள். அதோடு கடலுக்குப் போக வாங்கும் அனுமதி டோக்கனை வாங்காமல் விசைப்படகுகளை நிறுத்தியும் விடுகிறார்கள், ஒவ்வொரு நாளும் கூலி போகிறது, அந்த இழப்பு இருப்பதால்தான் அந்தக் கொடியை அதிகாரிகள் திரும்பிப் பார்க்கிறார்கள். நகரத்தில் உட்கார்ந்து அதே கருப்பை செல்போன் படத்தில் வைப்பவர் எதையும் இழப்பதில்லை, அதனால் அதைக் கண்டு யாரும் அசைவதும் இல்லை. ஆவுளியாவை, அதாவது கடல்பசுவைக் காப்பாற்றுவோம் என்று பேட்ஜ் போடுகிறவர்களிடமும் எனக்குச் சொல்ல இருப்பது இதுதான். வலையில் சிக்கிய கடல்பசுவை உயிரோடு விட ஒரு மீனவர் தன் வலையை அறுக்க வேண்டியிருக்கிறது. அந்த வலைக்கு யார் காசு கொடுப்பது என்பதற்குத்தான் பதில் வேண்டும். வலையை அறுத்து விட்டவர்களுக்கு வனத்துறை பரிசு கொடுத்திருக்கிறது, அது ஆயிரம் பேட்ஜை விட மேல். கடற்கரையைச் சுத்தம் செய்ய வந்துவிட்டு பிளாஸ்டிக் பேட்ஜையும் ரப்பர் பட்டையையும் அரியமான் மணலில் விட்டுப் போகாமல் இருந்தால் இன்னும் நல்லது.

அதனால் அடுத்த அக்டோபரில் வாங்கமாட்டேன் என்று ஒதுங்கி நிற்காதீர்கள் தம்பி, ஏற்பாடு செய்கிற குழுவில் சேருங்கள். ரிப்பன் வாங்குமுன் பணம் யாருக்கு என்று எழுத்தில் முடிவு செய்யுங்கள், பெரியாஸ்பத்திரியில் புற்றுநோய்ப் பிரிவில் கேட்டால் மதுரைக்குப் போக முடியாமல் நிற்பவர்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியும், நோயாளியின் பெயரை வெளியே விடாமல் மருத்துவமனை மூலமாகவே கொடுக்கலாம். ரிப்பனைக் கடையில் வாங்காமல் மகளிர் குழுவிடம் செய்யச் சொல்லுங்கள். குத்திக்கொள்கிற ஒவ்வொருவரும் வீட்டில் அம்மாவிடமும் பாட்டியிடமும் அந்த வலிக்காத கட்டி பற்றி ஒரு வரி பேசிவிட்டு வர வேண்டும் என்று வையுங்கள், பேச முடியாதவர் குத்த வேண்டாம், காசு மட்டும் கொடுக்கட்டும், அதிலும் குறைவில்லை. பேரணியை அரண்மனை வாசலில் வைக்காமல் பாம்பனில், பாசிப் படகு கரையேறும் மாலை நேரத்தில் வையுங்கள், கிராம சுகாதாரச் செவிலியரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்தக் கிழமை பெண் மருத்துவர் இருக்கிறார் என்பதை ஊர் வாரியாக நான் விசாரித்துத் தருகிறேன், எந்தெந்த ஊருக்குப் போவதாக இருக்கிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.